பாப்பாவுக்குக் காய்ச்சல்னா யாரோட லீவு போகணும்?

கேள்வி: ஒரு வாரம் லீவு போட்டு வீட்லயே இருந்தேன். வாங்கி அடுக்கி வெச்சிருந்த புத்தகமெல்லாம் படிச்சேன், காலேஜோட விட்ட வாட்டர்கலர திரும்ப எடுத்தேன், ஒரு வாஷ் அடிக்க, அதாவது ஈரம் காயறதுக்குள்ள பேப்பர்ல ஒரே சீரா கலர் பரப்ப, இருபது நிமிஷம் யாரும் கூப்பிடாம இருந்ததே பெரிய சந்தோஷம். மனைவியோட லீவெல்லாம் பாப்பாவுக்கு உடம்பு சரியில்லாதப்பவே தீந்துட்டதால அவங்க வேலைக்குப் போயிட்டாங்க, வீடும் அமைதியா இருந்துச்சு. இப்ப ஆபீஸ் போகவே பிடிக்கல. இன்னும் எட்டு நாள் லீவு இருக்கு, இன்னொரு வாரம் இப்படியே எடுக்கலாமா, இல்ல இது சோம்பேறித்தனமா?

பதில்: தம்பி, சோம்பேறித்தனமாங்கற கேள்விய ஓரமா வைங்க, லீவு முடிஞ்சு வர்ற பாதிப்பேர் எனக்கு இதத்தான் எழுதுறாங்க. உங்க லெட்டர்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டீங்க, என்னால அதத் தாண்டி வர முடியல. மனைவியோட லீவெல்லாம் பாப்பாவுக்கே போயிடுச்சு, உங்க கைல ஒரு வாரம் எடுத்ததுக்கு அப்புறமும் எட்டு நாள் மிச்சம் இருக்கு. ஒரே வீட்டுல, ஒரே பிள்ளைக்கு வந்த காய்ச்சலுக்கு ஒருத்தர் கணக்கு மட்டும் எப்படிக் காலியாகும்? அந்தப் பிள்ளை உங்களுக்கும் பிள்ளைதானே?

காய்ச்சல் நாள்ல லீவு போட்டு வீட்ல இருக்கறது எப்படின்னு நீங்க பாத்திருக்கணும். மருந்துக்கு ராத்திரியும் அலாரம் வெச்சு எந்திரிக்கணும், தெர்மாமீட்டர்ல நம்பர் இறங்குதான்னு பாக்கணும், மடில படுத்துருக்கற பிள்ளை முழிச்சுடும்னு கால் மரத்துப் போனாலும் அசையாம உக்காந்திருக்கணும், அதுக்கு நடுவுல ஆபீஸ்லேர்ந்து போன் வேற வரும். அந்த நாள லீவு ரெஜிஸ்டர்ல லீவுன்னுதான் எழுதுவாங்க, அத ஓய்வுன்னு எப்படிச் சொல்றது? சம்பளத்தோட லீவு பத்தி 1936ல சர்வதேச தொழிலாளர் அமைப்பு போட்ட ஒப்பந்தத்துலயே, ஒரு வருஷம் வேலை பாத்தவங்களுக்கு குறைஞ்சது ஆறு வேலைநாள் லீவு, உடம்பு சரியில்லாம வராத நாள அந்த லீவுல சேக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. 1970ல அத மூணு வாரமா ஏத்துனாங்க. தனக்கே உடம்புக்கு வந்து படுக்கறது கூட ஓய்வு இல்லன்னு அன்னைக்கே புரிஞ்சிருக்கு, பிள்ளைக்காக ராத்திரி முழிச்சவங்களுக்கு அது எப்படிங்க ஓய்வாகும்?

அந்த இருபது நிமிஷம் பத்தி எழுதியிருந்தீங்க. வாஷ் அடிக்கறப்ப பாதில எந்திரிச்சுப் போனா ஓரம் காஞ்சு கோடு விழுந்துடும், அப்புறம் எவ்ளோ தண்ணி தடவினாலும் முழுசா போகாது, உண்மைதான். உங்க மனைவிக்கு யாரும் கூப்பிடாத இருபது நிமிஷம் கடைசியா எப்ப கெடச்சுது? பதில் தெரியலன்னா இன்னைக்கு ராத்திரியே அவங்ககிட்ட கேளுங்க. அவங்களும் கல்யாணத்துக்கு முன்னாடி ஏதோ ஒண்ணு செஞ்சுக்கிட்டுதான் இருந்திருப்பாங்க, பாட்டோ, தையலோ, படிப்போ. உங்க லெட்டர் முழுக்க அதப்பத்தி ஒரு வார்த்தை கூட இல்லங்கறதுதான் எனக்கு வருத்தம்.

உங்களுக்கு அந்த வாரம் ஏன் அவ்ளோ நல்லா இருந்துச்சுன்னா, வேலைக்கு அப்புறம் மனுஷன் தேறி வர்றதுக்கு நாலு விஷயம் வேணும்னு 2007ல சோனன்டாக், ஃப்ரிட்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க, வேலைய மனசுலேர்ந்து இறக்கி வைக்கறது, சும்மா ஓய்வா இருக்கறது, புதுசா எதையாவது பழகுறது, நம்ம நேரத்த என்ன பண்றதுன்னு நாமளே முடிவு பண்றது. நாலுமே உங்களுக்குக் கெடச்சுது. அந்த நாலாவது உங்களுக்குக் கெடைக்கறதுக்காகத்தான் வருஷம் பூரா அவங்க தன் நாள விட்டுக் குடுத்திருக்காங்க, கல்யாணம் பண்ணி பிள்ளை பெத்தவர் அதத் தெரிஞ்சுக்காம இருக்கறது தப்பு, அதுல எனக்கு ரெண்டு பேச்சே கிடையாது.

அதனால அந்த எட்டு நாள தொடாதீங்க. அது பாப்பாவோட அடுத்த காய்ச்சலுக்கு, லீவு நீங்க போடணும், அலாரமும் உங்க பக்கத்துல அடிக்கணும். அவங்களுக்குப் புது வருஷ லீவு வந்ததும் மொதல்ல ஒரு முழு வாரம் அவங்களுக்கு, வீட்டையும் பாப்பாவையும் நீங்க பாத்துக்கங்க, "இது எங்க இருக்கு, அது எங்க இருக்கு"ன்னு போன் பண்ணாம. வாசிப்புக்கு தனியா லீவு வேணாம், போன வேற ரூம்ல வெச்சுட்டு தினம் அரைமணி உக்காந்தாலே புத்தகம் நகரும், ஆனா பாப்பா தூங்கினதுக்கு அப்புறம் சேந்து வேலைய முடிச்சுட்டு ரெண்டு பேரும் உக்காருங்க.

அப்புறம் பாப்பாவோட ஸ்கூல்ல, பிள்ளைக்கு முடியலன்னா மொதல்ல யாருக்குக் கூப்பிடுறாங்கன்னு விசாரிங்க. மனைவி நம்பரா இருந்தா நாளைக்கே போய் உங்க நம்பர மேல எழுதிக் குடுத்துட்டு வாங்க.