ஐசி ஏன் கொதிக்குது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம், தேவகோட்டைல இருந்து எழுதுறேன். வீட்ல முன்னோருக்குப் படைக்கற படைப்பு வருது, கரண்ட் போனா பின்கட்டு இருட்டாயிரும்னு ரெண்டு 12 வோல்ட் பேட்டரிய சீரிஸ்ல போட்டு, எல்எம்2596ங்கற ஐசிய வச்சு 24ஐ 12 வோல்ட்டா இறக்கி எல்ஈடி ஸ்ட்ரிப்புக்கு 2 ஆம்பியர் குடுக்கற மாதிரி போர்டு செஞ்சேன். கணக்குப்படி அதுக்கு 68 மைக்ரோஹென்றி காயில் வேணும். பழைய எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளைல கெடந்த பச்சை ரிங்ல கம்பி சுத்தி, காயில அளக்கற எல்சிஆர் மீட்டர்ல பாத்தா டாண்ணு 68 காட்டுது. ஆனா பத்து நிமிஷத்துல ஐசி மேல கை வைக்க முடியல. மீட்டர் பொய் சொல்லுதா?

பதில்: தம்பி, மீட்டர் மேல பழி போடாதீங்க. அது காயிலுக்குள்ள சில மில்லிஆம்பியர் மட்டும் விட்டுப் பாத்து 68னு சொல்லுது, நீங்க 2 ஆம்பியர் விடுறீங்க. ஒண்ணு கேக்குறேன், எத்தன சுத்து சுத்துனீங்க? நாலஞ்சு சுத்துலயே 68 வந்திருக்கும், சரியா? அங்கயே சந்தேகப்பட்டிருக்கணும். அந்தப் பச்சை ரிங் பெரும்பாலும் மெயின்ஸ் உள்ள வர்ற எடத்துல நாய்ஸ தடுக்கற காமன் மோட் சோக்குங்கற காயிலோட கோர், அதாவது கம்பி சுத்தற ரிங். நடுவுல கேப் (இடைவெளி) இல்லாத ஃபெரைட்ங்கற காந்தப் பொருள். அதுல போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும், அதனால அங்க அது சாச்சுரேட் ஆகாது, அதாவது காந்தம் நெரம்பி முட்டாது. நீங்க ஒரே பக்கமா டிசி விட்டா கோர் நெரம்பிரும், நெரம்பினதும் இண்டக்டன்ஸ் (அந்த மைக்ரோஹென்றி அளவு) மடமடன்னு எறங்கி அது வெறும் செம்புக் கம்பி மாதிரி ஆயிரும், ஐசிக்குள்ள கரண்ட் லிமிட் இருக்கறதால எரியாம கொதிச்சுக்கிட்டு கெடக்கு. நானும் இதே பச்சை ரிங்ல ஒரே ராத்திரில மூணு ஐசிய காலி பண்ணவன்தான், அதனால வெக்கப்படாதீங்க.

68ங்கற கணக்கு சரி. 2 ஆம்பியர்ல 30 சதவீதம் ரிப்பிள் (கரண்ட் ஏறி எறங்கற அளவு) 0.6 ஆம்பியர், 24ல 12 போக மிச்சம் 12 வோல்ட்ட பாதி டியூட்டியால (ஸ்விட்ச் ஆன்ல இருக்கற பங்கு) பெருக்கி, ஐசியோட 150 கிலோஹெர்ட்ஸ், 0.6 ரெண்டாலயும் வகுத்தா 67 கிட்ட வருது. உச்சத்துல காயில் பாக்கறது 2.3 ஆம்பியர். ஆனா ஸ்விட்ச் போட்ட உடனயும் அவுட்புட் ஷார்ட் ஆனாலும் இந்த ஐசி வழக்கமா 4.5 ஆம்பியர் கிட்ட கூட விடும், அதனால சாச்சுரேஷன் கரண்ட் 4, 5 ஆம்பியர்னு போட்ட காயிலா வாங்குங்க. டேட்டாஷீட்ல ரெண்டு கரண்ட் இருக்கும், ஒண்ணு சாச்சுரேஷனுக்கு, ஒண்ணு சூட்டுக்கு, ரெண்டுமே பாக்கணும். சாச்சுரேஷன்னா என்னன்னு ஒரு கம்பெனி இண்டக்டன்ஸ் 10 சதவீதம் குறைஞ்சா சொல்லும், இன்னொண்ணு 30 குறைஞ்சாத்தான் சொல்லும், அடிக்குறிப்ப படிக்காம ரெண்ட ஒப்பிடாதீங்க. ஃபெரைட்டுக்கு சூடு ஏறினா தாங்கற அளவும் கொறையும், காரைக்குடி சித்திரை வெயில்ல மூடுன டப்பாக்குள்ள வச்சா இன்னும் மோசம்.

சந்தேகம் தீரணும்னா காயிலோட சீரிஸ்ல ஒரு 0.1 ஓம் ரெசிஸ்டர் போட்டு ஸ்கோப்ல (அலை வடிவத்த காட்டற கருவி) கரண்ட் கோட்ட பாருங்க. நல்ல காயில்னா கோடு நேரா ஏறி நேரா எறங்கும். சாச்சுரேட் ஆனா பாதி வரைக்கும் நேரா போய் கடைசில தூண்டில் முள்ளு மாதிரி மேல தூக்கிக்கும்.

கேள்வி: அப்பத்தா வீட்டு கிணத்துல 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார். தண்ணி வத்துனா தானா நிக்கணும். 100 ஆம்பியருக்கு 50 மில்லிஆம்பியர் குடுக்கற கிளாம்ப் சி.டி. (வயரச் சுத்தி மாட்டி கரண்ட அளக்கற கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வாங்குனேன், மோட்டார் ஓடுது, ரீடிங் ஜீரோ. – பள்ளத்தூர் வாசகர்

பதில்: கேபிள அப்படியே முழுசா கிளாம்புக்குள்ள விட்டிருப்பீங்க. ஃபேஸும் நியூட்ரலும் சேந்து போனா ஒண்ணோட காந்தத்த இன்னொண்ணு தின்னுரும். ஃபேஸ் வயர மட்டும் பிரிச்சு விடுங்க, மெயின ஆஃப் பண்ணிட்டு. இன்னொண்ணு, 6 ஆம்பியர் மோட்டாருக்கு 100 ஆம்பியர் சி.டி. யானைக்கு வாங்குன சட்டைய பூனைக்கு போடற மாதிரி. 100 ஆம்பியருக்கு 50 மில்லின்னா 2000ல ஒரு பங்கு, 6ஐ 2000ஆல வகுத்தா 3 மில்லிஆம்பியர், 22 ஓம் பர்டன்ல (சி.டி. முனைல போடற ரெசிஸ்டர்) 66 மில்லிவோல்ட்தான் கெடைக்கும். திருப்பி அனுப்ப வேணாம், ஃபேஸ் வயர கோருக்குள்ள அஞ்சு தடவ சுத்தி விடுங்க, 330 ஆயிரும். பர்டன் ரெசிஸ்டர் இல்லாம சி.டி.ய மட்டும் ஓப்பனா விட்டுறாதீங்க, பெரிய சி.டி.ல அது ஆளையே அடிக்கற வோல்டேஜ தூக்கும்.

ஒரு வார்த்தை. தண்ணி இல்லன்னா கரண்ட் பாதியா விழும்னு நெனைக்காதீங்க, இந்த சைஸ் மோட்டார்ல கொஞ்சம்தான் எறங்கும், பவர் ஃபேக்டர்தான் (கரண்ட்ல உண்மையா வேலை செய்யற பங்கு) நல்லா விழும். வோல்டேஜயும் சேத்து அளந்து வாட்ஸ் பாத்து நிறுத்துங்க.

கேள்வி: சார், காரைக்குடி காலேஜ்ல ஃபைனல் இயர். 10 ஆம்பியர் டிசி அளக்கணும். 0.1 ஓம் ஷன்ட்டா (கரண்ட அளக்கப் போடற சின்ன ரெசிஸ்டர்), 0.01ஆ, இல்ல காந்தத்த வச்சு அளக்கற ஹால் சென்சாரா?

பதில்: 0.1 போட்டா 1 வோல்ட் போகும், 10 வாட் சூடு. அது ஷன்ட் இல்லம்மா, இஸ்திரிப்பெட்டி. 0.01 போடு, 100 மில்லிவோல்ட், 1 வாட், ஆனா 3 வாட் ரேட்டிங் உள்ளதா வாங்கு. உன் ஊர்ல 1953ல தொறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கே, அவங்க துறையான முலாம் பூசற வேலைல நூத்துக்கணக்கான ஆம்பியர் டிசி ஓடும், அங்க மீட்டருக்கு வழக்கமா போடறது முழு கரண்ட்ல வெறும் 75 மில்லிவோல்ட் காட்டற ஷன்ட்தான். அதுல தடியா ரெண்டு போல்ட்டும் சின்னதா ரெண்டு ஸ்க்ரூவும் இருக்கும், கரண்டுக்கு ஒரு ஜோடி, அளக்க தனி ஜோடி. உன் போர்டுலயும் அப்படியே, ரெசிஸ்டர் பேடோட (அத சால்டர் பண்ற செம்பு எடம்) உள்பக்கத்துல இருந்து தனியா ரெண்டு ட்ராக் எடு. 35 மைக்ரான் தடிமன் செம்பு ட்ராக்ல சதுரத்துக்கு அரை மில்லிஓம், ரெண்டு சதுரம் நடுவுல வந்தாலே 10 சதவீதம் தப்பு, அதுவும் சூடானா செம்பு டிகிரிக்கு 0.4 சதவீதம் கிட்ட மாறிக்கிட்டே இருக்கும்.

ஹால் சென்சார் அளக்கற சர்க்யூட்ட தனியா பிரிச்சு வைக்கணும்னா மட்டும். ஏசிஎஸ்712ங்கற ஹால் சென்சார்ல 30 ஆம்பியர் வகை ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட்தான் தருது, வோல்டேஜ எண்ணா மாத்தற 5 வோல்ட் 10 பிட் ஏடிசில ஒரு படியே 0.07 ஆம்பியர் ஆயிரும். உனக்கு 20 ஆம்பியர் வகை போதும், அது 100 தரும். பக்கத்துல பெரிய காயில் வைக்காத, ரீடிங் தானா ஆடும்.

தேவகோட்டை தம்பி, புது காயில் போட்டதும் ஸ்கோப் படம் அனுப்புங்க.