போர்முனையில் இருந்துவிட்டு வந்து ஆசிரியரானவரின் வீட்டில் வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்த வாழ்க்கை எப்படி இருந்தது?

நான் அப்படி வளர்ந்தவள். அப்பா 1964-ல் தன் 18 வயதில் ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். 15 ஆண்டுகள் கழித்து பென்ஷனோடு வந்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நடுநிலைப் பள்ளி வாத்தியார் ஆனார். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிதல்ல, கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஆனாலும் பட்டாளத்திலிருந்து வந்து பாடம் நடத்தியவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். இன்றைக்கும் 'மிலிட்டரி வாத்தியார் வீடு' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

வீட்டில் கண்டிப்பாக இருப்பாரா என்று பலரும் கேட்பார்கள். இல்லை. அடித்ததே கிடையாது. காலை நாலரைக்கு எழுந்துவிடுவார், பாயை மடித்த மடிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது, அவ்வளவுதான். சண்டையைப் பற்றி அவராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் 1971 சண்டைக்காகக் கொடுத்த சங்க்ராம் மெடலும் பச்சிமி ஸ்டாரும் துணியில் சுற்றிக் கிடக்கும். அதை எடுத்து விளையாடினாலும் ஒன்றும் சொல்லமாட்டார்.

அந்த 1971 பாகிஸ்தான் சண்டையைப் பற்றி எங்களுக்குச் சொன்னது அம்மாதான். கல்யாணமாகி ஒரு வருஷம். அப்பாவுக்குக் கடிதம் எழுத அம்மாவிடம் இருந்த முகவரி, நம்பரும் பெயரும் யூனிட்டும், கடைசியில் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலைய எண்ணும் மட்டுமே. ராணுவத் தபால் முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. புருஷன் எந்தத் திசையில் இருக்கிறான் என்றுகூடத் தெரியாமல் ரேடியோவில் வரும் ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் அங்கேதான் இருக்கிறாரோ என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்துவிட்டது, மறுநாள் மேற்கிலும் சண்டை நின்றது என்று செய்தி வந்ததும் தெருவே சந்தோஷப்பட்டது. அம்மா மட்டும் தபால்காரர் வரும் வரை சாப்பிடவில்லை. அவர் ஒன்றும் கொண்டுவரவில்லை. கடிதம் வந்தது ஜனவரியில்.

அப்பாவின் ஆட்கள் அப்போது மேற்கு முனையில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றோரம் இருந்தார்கள். டாங்கிகள் போவதற்கு முன்னால் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் வழி உண்டாக்கித் தருவது சாப்பர்களின் வேலை. டிசம்பர் 15-ம் தேதி இரவு அந்த வழி முழுதாகத் திறப்பதற்குள்ளேயே பூனா ஹார்ஸ் என்ற நம் படைப்பிரிவின் டாங்கிகள் உள்ளே இறங்கிவிட்டன. மறுநாள் அங்கே டாங்கிச் சண்டையில் இறந்த அருண் கேத்தர்பாலுக்கு வயது 21. பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்பாவிடம் கேட்டால், "ஆமா, ரொம்பக் குளிர்" என்பார்.

பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கோணமானி இல்லாமல் கரும்பலகையில் 30 டிகிரி போடுவார். எந்தப் பையனை விட்டு அளக்கச் சொன்னாலும் சரியாக இருக்கும். 45, 60 எல்லாம் போடச் சொன்னால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், 30 மட்டும் தப்பாது. நானும் அவரிடம் ஆறாம் வகுப்பு படித்தவள்தான். அது ஏதோ கைப்பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதன் காரணத்தைச் சொன்னவர் சித்தப்பா. அவர் அப்பாவோடு பிறந்தவர் இல்லை, ராமநாதபுரத்துக்காரர், அதே யூனிட். மதராஸ் சாப்பர்களுக்கு ராணுவத்தில் 'தம்பி' என்றே பெயர். அப்பாவும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், அதனால் எங்களுக்கு அவர் சித்தப்பா. வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. புனேயில் இருக்கும் ராணுவச் செயற்கைக் கால் மையத்தில் பொருத்திய காலோடு வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வருவார். என் கல்யாணத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று தாரை வார்த்ததும் அவர்தான்.

டாங்கிக்கு வைக்கும் வெடி மனிதன் மிதித்தால் பெரும்பாலும் வெடிக்காது, அதைச் சுற்றி ஆளுக்கு வைக்கும் சின்ன வெடிதான் ஆபத்து என்று சித்தப்பா சொன்னார். குப்புறப் படுத்துக்கொண்டு, கம்பியால் ஒவ்வொரு அங்குலமாக மண்ணைக் குத்திப் பார்க்க வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழும். 30 டிகிரி சாய்த்துக் குத்தினால் அதன் பக்கவாட்டில் தட்டும். "உங்கப்பன் கை அதுலேயே நின்னுபோச்சும்மா" என்றார். அவர் கால் போனது சண்டையில் அல்ல. சண்டை நின்று இரண்டு மாதம் கழித்து, புதைத்ததை எடுக்கும்போது. அப்பா பத்தடி தள்ளிப் படுத்திருந்தாராம்.

அதற்குப் பிறகுதான் விளையாட்டு விழாவும் எனக்குப் புரிந்தது. ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போடும் வேலையை அப்பா யாரிடமும் விடமாட்டார். மற்ற பள்ளிகளில் சுண்ணாம்புப் பொடி தூவுவார்கள், இவர் வெள்ளை நாடா இழுத்துக் கட்டுவார். வெடி எடுத்து முடித்த வழியை அங்கே வெள்ளை நாடாவால்தான் குறிப்பார்களாம். நாடாவுக்கு வெளியே எந்தப் பிள்ளையாவது கால் வைத்தால் அப்பாவின் குரல் மாறும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் சத்தம் போட்டுக் கேட்டிருக்கிறேன்.

அண்ணன் பட்டாளத்துக்குப் போகிறேன் என்றபோது அப்பா சரி என்றார். அம்மா முடியாது என்று சொல்லிவிட்டாள். "ஒரு ஆளுக்குக் காத்திருந்தது போதும்" என்றாள். அப்பா மறுபேச்சு பேசவில்லை. அண்ணன் மின்வாரியத்தில் இருக்கிறான்.

சித்தப்பா ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். அப்பாவுக்கு இப்போது 79. போன லீவில் என் மகள் அவரிடம் நோட்டை நீட்டி, "தாத்தா, 30 டிகிரி போடு" என்றாள். கை நடுங்கியது, போட்டார். அவள் கோணமானி வைத்துப் பார்த்து, "34" என்றாள். அப்பா ரப்பரை வாங்கி அழித்துவிட்டு, நோட்டைத் தரையில் வைத்து, குப்புறப் படுத்துக்கொண்டு மறுபடி போட்டார். இந்த முறை அவள் அளக்கவில்லை.