தினமும் நனைத்தால் வேர் இறங்காது

கேள்வி: வீட்டு முன்னால் அருகம்புல் தரை போட்டிருக்கிறோம். தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் ஹோஸ் பிடிக்கிறேன். மதியமானால் வாடிவிடுகிறது. காலையிலும் தண்ணீர் விடலாமா?
- வாசகி, திருநகர்

பதில்: வேண்டாம்மா. தினமும் விடுவதையே நிறுத்த வேண்டும். பத்து நிமிடத் தண்ணீர் மேல்மண்ணை மட்டும்தான் நனைக்கிறது. வேரும் அங்கேயே தங்கிவிடுகிறது. கத்திரி வெயில் முதலில் காயவைப்பதும் அந்த மண்ணைத்தான். வயலில் களையாக முளைத்து உழவரை அழவைக்கிற புல் இது. மண் இடம் கொடுத்தால் மூன்றடிக்குக் கீழும் வேர் விடும். கீழே ஈரம் இருந்தால்தானே இறங்கும்?

ஒரு தடவைக்கு ஓர் அங்குல உயரத் தண்ணீர் விடுங்கள். பத்துக்குப் பத்தடி இடத்துக்குக் கிட்டத்தட்ட 235 லிட்டர். உங்கள் ஹோஸில் 15 லிட்டர் வாளி எத்தனை நிமிடத்தில் நிறைகிறது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். பாதியை விட்டு, அரைமணி நேரம் ஊறவிட்டு, மீதியை விடுங்கள். பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். ஆறு அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் போதும்.

அடுத்த தண்ணீர் எப்போது என்பதைப் புல்லே சொல்லும். நடந்த கால்தடம் நிமிராமல் கிடக்கும், பச்சை சாம்பல் பூக்கும். அதுவரை கை பரபரத்தாலும் குழாயைத் திறக்காதீர்கள். ஆனால் நாளைக்கே ஐந்து நாள் இடைவெளி விட்டால் புல் கருகிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் இரண்டு நாள் விட்டு என்று மெல்லப் பழக்குங்கள்.

நேரம், விடியற்காலை. சாயங்காலம் விட்டால் இலை ராத்திரி முழுக்க ஈரமாக இருந்து பூஞ்சைக்கு வழி விடும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒட்ட வெட்டினால் வேரும் குறுகும்.

போர் தண்ணீரா என்று நீங்கள் எழுதவில்லை. உப்புத் தண்ணீராக இருந்தால் தினசரித் தெளிப்பு இன்னும் மோசம், உப்பு மேலேயே படிந்துவிடும். ஆழமாக விட்டால் வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

கேள்வி: எங்களுடையது கரிசல். தண்ணீர் தேங்கி நிற்கிறதே?
- வாசகர், திருமங்கலம்

பதில்: கரிசல் மெதுவாகக் குடிக்கும், ரொம்ப நாள் வைத்திருக்கும். அதே அளவை மூன்று தவணையாக விடுங்கள். இடைவெளியைக் கூட்டலாம். ஆனால் நிலம் வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். விரிசல் விழுந்துவிட்டால் தண்ணீர் அதன் வழியாகவே ஓடிவிடும், பக்கத்து மண் காய்ந்தே கிடக்கும்.