வாள் ஏந்திய கை ஏன் முறிகிறது?

கேள்வி: பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டின் இரண்டாம் கட்டைப் பிரித்தபோது பழைய பர்மா தேக்குத் துண்டுகள் கிடைத்தன. வரும் நவராத்திரிக் கொலுவுக்கு வேலு நாச்சியார், முத்துவடுகநாதர் ஜோடியையும் மருது சகோதரர்களையும் மரப்பாச்சி போலச் செதுக்க ஆசை. முதலில் செய்த ஓரடி உயர நாச்சியாருக்கு வாள் ஏந்திய கை முறிந்துவிட்டது. புதிதாக வெட்டிய கிளையில் செய்த பொம்மைக்கு நெஞ்சில் விரிசல். முகமும் அவரைப் போல இல்லை. எங்கே தவறு?

பதில்: கையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பொம்மையில் மர இழை தலையிலிருந்து பாதம் வரை நேராக ஓடுகிறது. உடலுக்கு அதுதான் சரி. ஆனால் பக்கவாட்டில் நீட்டிய கையில் அதே இழை குறுக்காக வெட்டுப்பட்டு நிற்கும். குறுக்கிழைக்குப் பலமே கிடையாது. சின்னத் தட்டு போதும், பிளந்துவிடும். மரப்பாச்சியின் கைகள் உடலோடு ஒட்டியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கற்பனைக் குறைவு அல்ல, ஒரே கட்டையில் செதுக்குபவரின் புத்திசாலித்தனம். வாளை உயர்த்திய நாச்சியார்தான் வேண்டும் என்றால், கையையும் வாளையும் தனித்துண்டாக, இழை வாளின் நீளவாக்கில் ஓடும்படி செதுக்கி, தோளில் துளையிட்டு மர ஆணியால் பொருத்துங்கள். மருதுவின் வளைந்த எறி ஆயுதமான வளரிக்கு இன்னும் நல்ல வழி உண்டு. இயல்பாகவே வளைந்த புளியங்கிளையில் செதுக்கினால் இழையும் வளைவோடு போகும். பலகையில் வளைவாக அறுத்தால் முனை நிற்காது.

நெஞ்சில் விழுந்த விரிசலுக்குக் காரணம், கிளையின் நடுப்புள்ளி பொம்மைக்குள்ளேயே இருப்பது. மரம் காயும்போது வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுப்புள்ளி உள்ளே இருந்தால் அந்த இழுப்புக்குப் போக்கிடம் இல்லை, வெடித்துத்தான் தீரும். கட்டையை நான்காகப் பிளந்து, நடுப்பகுதியை ஒதுக்கிவிட்டு, ஒரு கால் துண்டிலிருந்து பொம்மையை எடுங்கள். இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் உலர்த்துங்கள். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பொதுக்கணக்கு. ஆகவே இன்று வெட்டிய மரம் இந்தக் கொலுவுக்கு உதவாது.

அப்படியானால் அப்பத்தா வீட்டுத் தேக்கு? பல பத்தாண்டுகள் காய்ந்த மரம், விரிசல் பயம் குறைவு. ஆனால் தேக்கில் இருக்கும் மணல் சத்து உளி முனையைச் சீக்கிரம் மழுக்கும். இழையும் சற்று முரடு. மூக்கு, உதடு போன்ற நுணுக்கம் சிறிய முகத்தில் உதிர்ந்துபோகும். ஓரடிக்கு மேற்பட்ட உருவத்துக்கும் பீடத்துக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அறுக்கும் முன் காந்தத்தை ஓட்டி ஆணி தேடுங்கள். பழைய வண்ணப்பூச்சு இருந்தால் ஈயம் கலந்திருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒரு வேண்டுகோளும் உண்டு: அந்தக் குவியலில் செதுக்கு வேலை உள்ள நிலைவாசல் சட்டம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து அதில் உளி வைக்காதீர்கள். பொம்மைக்கு வெறும் உத்திரத் துண்டு போதும்.

சிறிய உருவங்களுக்கு வாகை நல்லது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்ச் சிற்பிகளும் அதைப் பயன்படுத்துகிறார்கள். தூள் தும்மலைக் கிளப்பும், முகக்கவசம் அணியுங்கள். மரப்பாச்சிக்குரிய செஞ்சந்தனத்தின் மேல் ஆசை வந்தால், ஆவணம் இல்லாத துண்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மரம் அது. கடத்தல் வழக்கில் சிக்கினால் கொலுவை மறக்க வேண்டியதுதான்.

இனி முகம். யாருடைய சாயலைத் தேடுகிறீர்கள்? 2008இல் வெளிவந்த வேலு நாச்சியார் அஞ்சல்தலையும், ஊர்களில் நிற்கும் சிலைகளும் பிற்காலக் கலைஞர்களின் கற்பனை. அவற்றை நகலெடுத்தால் நகலின் நகல்தான் கிடைக்கும். முகத்தை எளிமையாக விட்டு, நிற்கும் தோரணையில் உழைப்பைப் போடுங்கள். மருது சகோதரர்களுக்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. அவர்களை நேரில் அறிந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி, 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் இருவரையும் வர்ணித்திருக்கிறார். பெரியவர் அசாதாரண உயரம், ஆற்காட்டு வெள்ளி ரூபாயை விரலால் வளைக்கும் பலம். சிறுவயலில் வாழ்ந்த சின்ன மருது கறுத்த நிறம், பருத்த உடல், களையான முகம், இனிய பழக்கம். பெரியவரை வாகையின் வெளிர்ந்த வெளிற்றிலும் (பட்டையை ஒட்டிய வெளிமரம்), சின்னவரைக் கரும்பழுப்பு வைரத்திலும் (உள்மரம்) செதுக்கினால் வண்ணமே இல்லாமல் இருவரையும் பிரித்துக் காட்டலாம். வெளிற்றில் பூச்சி சீக்கிரம் விழும் என்பதால் அதை மட்டும் ஆண்டுதோறும் கவனியுங்கள்.

ஜோடிப் பொம்மையில் எந்த ஆண்டைச் செதுக்குகிறீர்கள் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். முத்துவடுகநாதர் 1772இல் காளையார்கோவில் போரில் மடிந்தார். நாச்சியார் விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். கணவர் பக்கத்தில் நிற்பவர் பட்டத்து ராணி. படை நடத்தியவர் தனியாக நிற்பவர். இரண்டையும் ஒரே பொம்மையில் திணிக்காதீர்கள். எனக்கு இரண்டு நாச்சியார்களைச் செய்வதே சரியாகப் படுகிறது.

அளவுக்கு ஸ்தபதிகளின் தாளக் கணக்கைக் கடன் வாங்கலாம். முகத்தின் நீளம் ஒரு தாளம். எட்டுத் தாளத்தில் 12 அங்குல உருவம் எடுத்தால் முகம் ஒன்றரை அங்குலம்தான், உங்கள் கைக்கு அது சிரமம். பிள்ளையாருக்குரிய ஐந்து தாளம் வைத்தால் வீரர் குழந்தையாகிவிடுவார். ஆறு தாளம் வைத்தால் முகம் இரண்டு அங்குலம் கிடைக்கும், கம்பீரமும் கெடாது.

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்; அது உலராது, பிசுக்கேறும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, நன்றாக உலர்ந்தபின் தேன்மெழுகு தேயுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும்; விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள். கொலு முடிந்து பிள்ளைகள் விளையாடக் கேட்டால், வாளையும் வளரியையும் கழற்றி எடுத்துவைத்துவிட்டுக் கொடுங்கள்.