பெயின்ட் கடைசியில்: பழைய சைக்கிள் கேள்வி – பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த பழைய சைக்கிள் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது மாமாவின் பழைய பத்து கியர் ரேஸ் சைக்கிள் கிடைத்தது. இரும்பு ஃப்ரேம், குரோம் ரிம். சீட்டுக் கம்பி கொஞ்சமும் அசையவில்லை. டயர் மக்கிவிட்டது என்று 700 டயர் வாங்கினேன், ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது. முதலில் பெயின்ட் அடித்துவிட்டால் பார்க்க உற்சாகமாக இருக்கும் என்கிறான் தம்பி. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இனி செய்யப்போகும் வேலையில் பாதி சுத்தியலும் எண்ணெயும்தான். புதுப் பெயின்ட் அதில் தப்பாது.

டயருக்கு ஏற்கெனவே காசு போயிருப்பதால் அதை முதலில் பார்ப்போம். உங்கள் ரிம்மில் 27 × 1 1/4 என்று குத்தியிருக்கிறதா பாருங்கள். அந்த ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ. 700சி டயருக்கு 622 மி.மீ. எட்டு மில்லி சின்ன டயரை எத்தனை நெம்புகோல் போட்டாலும் ஏற்ற முடியாது. கடையில் தவ்கேயிடம் "ரேஸ் டயர்" என்று மட்டும் கேட்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் 32-630 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 26 × 1 3/8 என்பது வேறு அளவு, அது 590. பழைய குரோம் ரிம்மின் உள்விளிம்பில் டயரைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி பெரும்பாலும் இருக்காது. அதனால் 70 பிஎஸ்ஐக்கு மேல் காற்று வைக்க வேண்டாம், டயர் பிதுங்கி வெளியே வந்து வெடிக்கும்.

அடுத்து சீட்டுக் கம்பி. அதில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அது அலுமினியம். இரும்புக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி வருடக்கணக்கில் ஈரத்தோடு இருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி மூல உலோகத்தைவிட அதிக இடம் எடுப்பதால் கம்பி உள்ளேயே இறுகிவிடும். நெம்புவதற்கு முன் போல்ட்டைக் கழற்றி, விளிம்பைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். பிறகு இரண்டு பெடல் கைகளையும் (கிராங்க்) இணைக்கும் பெடல் அச்சைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக்கி, சீட்டுக் குழாய்க்குள் கீழ்ப்பக்கமிருந்தும் எண்ணெய் ஊற்றுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கீழ்வழியைத்தான், பொடி அதிகம் அடைந்திருப்பதும் அங்கேதான். நாலைந்து நாள் தினமும் எண்ணெய் விட்டு, கம்பியின் தலையை மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டி வாருங்கள். கம்பியின் மேல்முனையை மேசை வைஸில் இறுக்கி, ஃப்ரேமையே பிடித்துத் திருப்புவதுதான் நல்ல முறை. நீளமான கை என்பதால் விசை அதிகம் கிடைக்கும், மெல்லத் திருப்புங்கள்.

தீ காட்டலாமா என்று கேட்பீர்கள். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் சூட்டில் பிடி இறுகத்தான் செய்யும். குளிரில் அது அதிகம் சுருங்கும் என்பதால் கம்பியின் உட்குழியில் ஐஸ் போட்டு, குளிர்ந்ததும் திருப்பிப் பாருங்கள். எதற்கும் அசையவில்லை என்றால், ஃப்ரேம் விளிம்புக்கு மேலே மூன்று சென்டிமீட்டர் விட்டு அறுத்து, இரும்பு அறுக்கும் பிளேடை உள்ளே விட்டுக் கம்பியின் நீளவாக்கில் கீறி உள்நோக்கி மடக்கி எடுக்கலாம். பிளேடு குழாயின் உட்சுவரைத் தொடும் முன் நிறுத்துங்கள். காஸ்டிக் சோடா ஊற்றிக் கரைப்பவர்களும் உண்டு. சூடு, எரியும் வாயு, கண்ணில் தெறிக்கும் காரம் எல்லாம் ஒன்றாக வரும் அந்த வேலை வீட்டில் வேண்டாம்.

ஹேண்டில் தண்டுக்கு இவ்வளவு பாடு இல்லை. மேல் போல்ட்டை மூன்று நான்கு சுற்று தளர்த்தி, மரக்கட்டை வைத்து அதன் தலையில் ஒரு போடு போட்டால் உள்ளே இருக்கும் ஆப்பு விழும். ஃபோர்க்கையும் கழற்றி, எல்லா பேரிங்கையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். முன் சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 10 குண்டு, 3/16 அங்குலம். பின் சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 9 குண்டு, 1/4 அங்குலம். பெடல் அச்சுக்குப் பக்கத்துக்கு 11, அதுவும் 1/4. பழையதோடு புதியதைக் கலந்து போடாதீர்கள். மயிரிழை பெரிதாக இருக்கும் நாலைந்து குண்டுகளே மொத்த பாரத்தையும் வாங்கி, அச்சில் குண்டுகள் உருளும் கூம்பை, அதாவது கோனை, குழி போட்டுவிடும். குழி விழுந்த கோனை மாற்றாமல் குண்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. சட்டென்று கழற்றி மாட்டும் விரைவு நெம்புகோல் உள்ள சக்கரம் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது மிக லேசான ஆட்டம் இருக்கட்டும். நெம்புகோலை இறுக்கியதும் அச்சு அமுங்கி அது மறைந்துவிடும். வெளியிலேயே ஆட்டமில்லாமல் வைத்தால், இறுக்கிய பின் கோன் தின்னப்படும்.

பின் சக்கரத்தின் பல்சக்கரக் கொத்தான ஃப்ரீ வீலை மாற்ற நினைத்து, ரிம்மையும் மாற்றப்போகிறீர்கள் என்றால், சக்கரத்தின் கம்பிகளை வெட்டும் முன் அதைக் கழற்றிவிடுங்கள். மிதிக்க மிதிக்க இறுகும் திருகு அது. கழற்ற வேண்டும் என்றால் திருப்பும் விசைக்கு முழு ரிம் வேண்டும். கருவியை வைஸில் மாட்டி, லாரி ஸ்டியரிங் போல ரிம்மைப் பிடித்து இடப்பக்கம் திருப்புங்கள். பற்களுக்கு ஏற்ற சரியான கருவி முக்கியம், இரண்டு காது உள்ளதும் பன்னிரண்டு பல் உள்ளதும் ஒன்றுக்கொன்று உதவாது.

இன்னொன்று. மத்தியான மழையில் குரோம் ரிம் பிரேக் பிடிக்காது. நனைந்த குரோமில் சாதாரண ரப்பர் கட்டை வழுக்கும். தோல் பதித்த கட்டை கிடைத்தால் போடுங்கள். செலவு செய்ய முடிந்தால் 630 அலுமினிய ரிம்மைப் போட்டுச் சக்கரம் கட்டுவதே மேல். 700சி ரிம்மாக மாற்றினால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும், பிரேக் கையின் துளையில் அந்த இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். கேபிளும் உறையும் புதிதாகவே போடுங்கள், பழையதைக் காப்பாற்றுவதில் பயனில்லை.

கேள்வி: தாத்தாவின் ரேலி சைக்கிள். பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் "டக்" என்கிறது. கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் கோட்டர் பின்னை இறுக்கினால் இரண்டு நாள் சும்மா இருக்கிறது, பிறகு மீண்டும் அதே கதை.
– வாசகி, லிந்தாங்

பதில்: நட்டை இறுக்கி இதைச் சரிசெய்ய நினைப்பதில்தான் தவறு. கோட்டர் பின்னை இழுத்து உட்கார வைப்பது நட்டின் வேலை அல்ல, அது பின்னைப் பிடித்து வைக்க மட்டும்தான். வலிந்து இறுக்கினால் மெல்லிய மரை உரிந்துவிடும். இங்கிலாந்து ரேலியின் கோட்டர் பின்னுக்கு விட்டம் 9.5 மி.மீ. சில ஜப்பானிய, ஐரோப்பிய சைக்கிள்களுக்கு 9 மி.மீ. அரை மில்லி குறைந்த கோட்டர் பின்னை எத்தனை முறை இறுக்கினாலும் தளரும். உங்கள் கதை அநேகமாக இதுதான். வெர்னியர் வைத்து அளந்துவிட்டே கடைக்குப் போங்கள்.

பின்னைக் கழற்ற நட்டை அதன் முனையோடு சமமாகும் வரை தளர்த்துங்கள். கிராங்கின் கீழே, கோட்டர் பின் இறங்கும் அளவு துளையுள்ள இரும்புக் குழாயைத் தரையில் நிறுத்தி முட்டுக் கொடுத்து, ஒரே ஒரு பலமான அடி. முட்டு இல்லாமல் தட்டித் தட்டி அடித்தால் அடியின் பாதி பேரிங்குக்குள் போகும், பின்னும் வளையும். முடிந்தால் வைஸில் வைத்து அழுத்துங்கள். புதுப் பின்னின் சரிவு அச்சின் வெட்டோடு முழுவதும் பொருந்த வேண்டும், இல்லையேல் அரத்தால் ஒரே சமமாகத் தேய்க்க வேண்டும். கிராங்குகளைக் கிடையாக நிறுத்தும்போது ஒரு பின் மேலிருந்தும் மற்றது கீழிருந்தும் போக வேண்டும். இரண்டும் ஒரே திசையில் போனால் பெடல்கள் நேர்க்கோட்டில் நிற்காது. அழுத்தி, நட்டை மிதமாக இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

பெடல் அச்சின் குண்டுகள் உட்காரும் வலதுபக்கக் கிண்ணம் இடமரை, எதிர்த்திசையில் திருப்பிக் கழற்ற வேண்டும். ஆனால் கழற்றாமல் விடுவதே புத்திசாலித்தனம். ரேலி தன் சைக்கிள்களுக்கு அங்குலத்துக்கு 26 மரை போட்டது, ஊரில் கிடைக்கும் சாதாரண கிண்ணம் 24. அந்தக் கிண்ணம் போனால் மாற்றுக்கு அலைய வேண்டும். உள்ளே குழி இல்லை என்றால் துடைத்து, கிரீஸ் வைத்து, குண்டை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: அந்த மாதிரி ஒரு ரேலியின் மூன்று கியரும் வழுக்குகிறது, சில நேரம் பெடல் சும்மா சுழல்கிறது. பிரித்துவிட வேண்டியதுதானா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். பின் சக்கரத்தின் நடுவில் கியர்களை உள்ளே அடக்கியிருப்பது பெரும்பாலும் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏடபிள்யூ ஹப், அது 1936 முதல் வருவது. பல ஹப்புகளில் தயாரான ஆண்டும் மாதமும் உடலிலேயே குத்தியிருக்கும். பெரும்பாலும் உள்ளே ஒன்றும் உடைந்திருக்காது, கேபிள்தான் விலகியிருக்கும். இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. கேபிள் சரியில்லாவிட்டால் பெடல் அங்கே சும்மா சுழலும். எழுந்து நின்று மிதிக்கும்போது அது நேர்ந்தால் விழுந்து பல் உடையும், அதனால் சரிசெய்யும் வரை உட்கார்ந்தே ஓட்டுங்கள்.

கியரை நடுவில் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியாகப் பாருங்கள். கியர் கேபிளிலிருந்து அச்சுக்குள் போகும் குட்டிச் சங்கிலியின் முனையில் இருக்கும் மெல்லிய கம்பியின் தோள்பட்டை, அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். இல்லை என்றால் உருளை நட்டைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். திரும்பத் திரும்ப விலகுகிறது என்றால் மேல் குழாயில் கேபிளைப் பிடித்திருக்கும் கிளிப் நழுவுகிறது, அதை இறுக்குங்கள். உள்ளே போகும் எண்ணெய் எஸ்.ஏ.இ. 20 அல்லது 30. காய்ந்த ஹப்புக்கு முதலில் ஒரு டீஸ்பூன், பிறகு மாதம் சில சொட்டு. தாவர எண்ணெய் பிசின் போலாகி பல்லை ஒட்ட வைக்கும். இவ்வளவும் செய்த பின்னும் மூன்றாம் கியரில் மட்டும் வழுக்கினால் கிளட்ச் முனை தேய்ந்திருக்கிறது, அப்போது பிரியுங்கள்.

கேள்வி: துருவுக்கு ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் நல்லதாமே? எங்களிடம் அது இருக்கிறது.
– வாசகர், லிந்தாங்

பதில்: வேண்டாம். அது ஃபார்மிக் ஆசிட். செறிவானது தோலைச் சுடும், அதன் ஆவி கண்ணுக்கும் தொண்டைக்கும் கேடு. துரு போன பின்னும் வெற்று இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். கேக் சாமான் கடையில் சிட்ரிக் ஆசிட் கிடைக்கும். லிட்டருக்கு 50 கிராம், ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் போதும். அலுமினியச் சாமானையும் குண்டு, ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய உருக்கையும் அதில் ஊறப்போடாதீர்கள். எடுத்ததும் கழுவி, சோடா உப்பு கலந்த நீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். நம் ஈரக்காற்றில் அரை மணி நேரம் விட்டால் செம்படலம் திரும்பி வந்துவிடும். குரோமுக்கு அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும், அது குரோமைவிட மென்மையானது. உர மூட்டை சுமந்த சைக்கிள் என்றால் பொட்டாஷ் உப்பு மடிப்புகளில் தங்கித் துருவை வேகப்படுத்தியிருக்கும், முதலில் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். கேரியரில் காய்ந்த ஒட்டுப்பாலை மண்ணெண்ணெய் தொட்டு ஊறவிட்டால் உருண்டு வந்துவிடும்.

கேள்வி: கறுப்பு ஃப்ரேமில் தங்கக் கோடுகள் இன்னும் தெரிகின்றன. பவுடர் கோட்டிங் செய்யலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கோடு தெரிகிறது என்றால் எங்கள் ஓட்டு அதை அப்படியே விடுவதற்குத்தான். சோப்பு நீரில் கழுவி, மென்மையான பாலிஷை முதலில் பெடல் அச்சுக்கு அடியில் சோதியுங்கள். பழைய கோட்டின் மேல் பூச்சு தேய்ந்திருந்தால் துணியிலேயே தங்கம் வந்துவிடும். பவுடர் கோட்டிங் அடுப்பின் சுமார் 200 டிகிரிச் சூட்டை, ஃப்ரேம் குழாய்களை இணைத்திருக்கும் பிரேசிங் பற்று தாங்கும், ஆனால் கோடும் ஸ்டிக்கரும் தாங்கா. கட்டாயம் அடிக்க வேண்டும் என்றால் மரையையும் ஃபோர்க் பேரிங் உட்காரும் இடங்களையும் மூடச் சொல்லுங்கள். ஸ்பிரே டின் பயன்படுத்தினால் மழை நாளைத் தவிர்த்துவிடுங்கள், ஈரம் கலந்து பெயின்ட் வெளுத்துப் புகைபோல் ஆகும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், நனைத்தே தேயுங்கள், முகமூடி போடுங்கள்.

கேள்வி: தோல் சீட்டு காய்ந்து கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தடவாதீர்கள். எண்ணெயில் ஊறிய தோல் தளர்ந்து தொய்யும். தோல் சீட்டுக்கான மெழுகுப் பூச்சை மெல்லியதாகத் தேய்த்து ஒரு நாள் விட்டுத் துடையுங்கள். பூஞ்சை இருந்தால் நீர்த்த வினிகரில் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். முன்மூக்கின் கீழ் உள்ள நட்டை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் இறுக்க வேண்டாம். தோலில் ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் நட்டைத் தொடவே வேண்டாம், அது அங்கேயே கிழியும்.