பறிக்கிறதா, உருவுகிறதா?

கேள்வி: உயரமான மரங்களில்கூட எட்டி இலை பறிக்கும் ஒட்டகச்சிவிங்கியைச் சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் பிடிக்கிறதே, ஏன் ஐயா? அதைப் பற்றிச் சில சுவையான தகவல்கள் தருவீர்களா?
(தரம் 10 மாணவி, தலவாக்கலை)

பதில்: தருகிறேன் மகள். முதலில் அந்தப் ‘பறிக்கும்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். தேயிலை மலைநாட்டுத் தலவாக்கலையில் இருந்துகொண்டு அதை இப்படி இறைக்கலாமா? பறிப்பது என்றால் இரண்டு இலை, ஒரு மொட்டு. விரலில் ஒடித்து, கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னால் இருக்கும் கூடைக்குள் வீசுவது. ஒட்டகச்சிவிங்கி செய்வது வேறு. ஒன்றரை அடி நீளக் கறுத்த நாக்கை வேல மரத்து முள்ளுக்குள் விட்டு, கிளையைச் சுற்றி இழுத்தால் இளசு முற்றல் எல்லாம் ஒரே உருவலில் வாய்க்குள். நம் தோட்டத்தில் இப்படி உருவினால் கங்காணி அடுத்த நாள் வேலைக்கே வரவேண்டாம் என்பார்.

வரவைத்துத்தான் பார்ப்போமே. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் பதினெட்டு அடி உயரத்தில் ஒரு ஆள் நிற்கிறது. பேர் பதிய அண்ணாந்து பார்த்த கங்காணிக்குத் தலைத்துண்டு கீழே விழுகிறது. முழு நாள் சம்பளத்துக்குப் பறிக்கவேண்டியது 18 கிலோவா 20 கிலோவா என்று எத்தனை வருடமாக இழுபறி நடக்கிறது! இதற்கு 30 கிலோ இலை சர்வசாதாரணம். முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம் நிச்சயம், மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு வேறு. ஆனால் மாலையில் தராசடிக்கு வந்தால் கூடை காலி. எல்லாம் வயிற்றில். நின்றபடியே அசை போடுகிறது. இலையில் ஒட்டிய ஈரத்துக்கென்று எடையில் வெட்டிப் பழகிய கணக்கப்பிள்ளை யோசித்துவிட்டு, “சரி, தண்ணிக்கு ரெண்டு கிலோ வெட்டிக்கிறேன்” என்கிறார். இலை ஈரத்தைக் கொண்டே பல நாளைத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டிவிடும் பிராணி அது. குடித்தே ஆகவேண்டும் என்றால் முன்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்துப் பெரும்பாடு பட்டுத்தான் குனியும். அதனிடமும் தண்ணிக்கு வெட்டு!

‘எட்டி’ என்ற சொல்லிலும் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை முப்பது அடி மரமாகப் போகும் என்று இதே பக்கத்தில் எழுதினேன். பண்டாரவளைப் பக்கத்தில் ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர், “நாற்பது வருடம் செடியோடு கிடந்தவனுக்கு நீ மரம் காட்டுகிறாயா?” என்று தொடர்ந்து மூன்று தபாலட்டை போட்டார். ஐயா, நீங்கள் பார்த்தது கத்தி விட்டுவைத்ததை. கைவிட்ட மலைகளில் ஆளுக்கு மேலே காடாக நிற்பதும் அதே தேயிலைதான். ஆப்பிரிக்காவில் மரம் உயர, அதை எட்டக் கழுத்து நீண்டது என்கிறார்கள். ஆண்கள் கழுத்தால் அடித்துச் சண்டை போடத்தான் நீண்டது என்று வேறொரு கட்சியும் உண்டு. இங்கே கைக்கு எட்டவேண்டும் என்று மரத்தையே இடுப்புயரத்துக்கு வெட்டி வைத்திருக்கிறோம். நாலாவது அட்டையை எதிர்பார்க்கிறேன்.

ஏன் எல்லாருக்கும் பிடிக்கிறது என்றல்லவா கேட்டாய்? அண்ணாந்து பார்க்கவைக்கும் எதையும் மனிதனுக்குப் பிடிக்கும், அது தலையில் மிதிக்காதவரை. 1414-இல் வங்காளத்து அரசர் சீனப் பேரரசருக்கு ஒட்டகச்சிவிங்கி ஒன்றை அனுப்பினார். நல்லாட்சி நடக்கும்போது மட்டும் தோன்றும் தெய்வ மிருகம் வந்துவிட்டது என்று அரண்மனையே கொண்டாடியது. அதே பேரரசர் அனுப்பிய கடற்படைத் தலைவர் செங் ஹ நம் இலங்கைக்கும் வந்தார். 1409 தேதியிட்ட அவருடைய கல்வெட்டு 1911-இல் காலி நகரில் கிடைத்தது. சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழி. எங்கே கிடைத்தது தெரியுமா? ஒரு மதகுக்கு மூடுகல்லாக! ஒட்டகச்சிவிங்கிக்குக் கிடைத்த மரியாதை அது, தமிழுக்குக் கிடைத்த மரியாதை இது. இதை எழுத ஆரம்பித்தால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். ஒட்டகச்சிவிங்கிக்கு அது பிறவியிலேயே நம்மைப்போல் இரண்டு மடங்கு. பத்துக் கிலோ தேறும் இதயம், ஆறடிக் கழுத்துக்கு மேலே இருக்கும் தலைக்கு இரத்தத்தை ஏற்றவேண்டுமே.

அந்தக் கழுத்தில் எலும்பு எத்தனை? ஏழுதான். உன் கழுத்திலும் ஏழு. என் அம்மாவின் கழுத்திலும் ஏழு. கூடைக் கயிறு தலையில் மாட்டி முப்பத்திரண்டு வருடம் நனைந்த கொழுந்தைச் சுமந்தவர். வீட்டில் வெறுமனே நடக்கும்போதும் கயிறு பின்னால் இழுப்பதுபோலக் கழுத்தை முன்னே தள்ளியபடிதான் நடப்பார். ஒருமுறை தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனேன். எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். அம்மாவுக்குக் கழுத்து அவ்வளவு நிமிராது. தன்னைவிட உயரமான அந்தக் கால்களையே சற்றுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தக் கால வச்சுக்கிட்டு நம்ம மலையில ஒரு நிரை ஏறாதுடா தம்பி.”