ஊதச் சொன்ன பிறகு: வாசகர் கேள்விகளும் சட்டத்தரணியின் பதில்களும்

புத்தாண்டு கழிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயம்தான்: குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பொலிஸில் மாட்டுவது. ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

தம்பியை மது போதையில் வாகனம் செலுத்தியதாக நேற்றிரவு பிடித்துவிட்டார்கள். என்ன செய்வது? (செங்கலடி)

எந்தப் பொலிஸ் நிலையம், யாருக்காவது காயம் பட்டதா, எதுவுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சோதிடரா? விபத்து இல்லையென்றால் இது பொதுவாகப் பிணை கிடைக்கும் குற்றம். பிடியாணையின்றிக் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அடையாள அட்டையோடு நிதானமான ஒருவர் மட்டும் போகட்டும். ஊரே திரண்டு போய்ச் சத்தம் போட வேண்டாம். யாருக்காவது காயம் என்றால், சட்டத்தரணி இல்லாமல் படியேறவே வேண்டாம்.

ஊத மறுத்தால் தப்பலாமா? (அக்கரைப்பற்று)

முடியாது. மறுத்தவர் குடித்திருந்தார் என்றே சட்டம் ஊகிக்கும். இல்லையென்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

எனக்குக் குடிப்பழக்கமே இல்லை. வயிற்றுக்காக அரிட்டம் என்ற ஆயுர்வேத மருந்து குடித்தேன். (காரைதீவு)

அரிட்டத்திலும் மதுசாரம் உண்டு. இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் என்ற எல்லை, அது எந்தப் போத்தலிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. இரண்டு கரண்டி அரிட்டம் அந்த எல்லையை எட்டாது. நீங்கள் எத்தனை கரண்டி என்று எழுதவில்லையே! குடித்த கையோடு ஊதியிருந்தால் வாயில் நிற்கும் மதுசாரம் கருவியைக் குழப்பலாம். சந்தேகமென்றால் அரச வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோகும்படி அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது, கையெழுத்து வைத்துவிட்டேன். (கல்லடி)

வைத்த பிறகுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். பெரிய பதிவுப் புத்தகத்தில் நெருக்கி எழுதிய பத்துப் பன்னிரண்டு வரிகள். கடைசி வரிக்குக் கீழே பேனா முனையால் தொட்டு, ‘இதில் வையுங்கள்’ என்பார் உத்தியோகத்தர். விடிந்தால் வேலை என்ற அவசரத்தில் நம்மவர் வைத்துவிடுவார். காணி உறுதி முடிக்கும்போது நான்கு எல்லைகளையும் நான்கு தரம் வாசிக்கச் சொல்லும் அதே மனிதர்!

1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி, உங்களுக்குப் புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தைப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். விளக்கவும் சேர்க்கவும் உங்களுக்கு இடம் உண்டு. இது யாரும் செய்யும் தயவு இல்லை. தமிழ் தெரிந்தவர் இப்போது இல்லை என்றால், வரும்வரை வாங்கில் உட்கார்ந்திருங்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை ஆண்டாண்டாக எழுத வேண்டியிருப்பது எனக்கே அலுப்பாக இருக்கிறது.

உங்கள் விடயத்தில் ஓர் ஆறுதல்: பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தராது. உங்கள் சட்டத்தரணியிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். இனிமேலாவது, புரியாததில் கையெழுத்து வேண்டாம்.

வீதியிலேயே தண்டம் கட்டி முடிக்கலாம் என்கிறார்களே? (கல்முனை)

இது தண்டச் சீட்டோடு தீரும் குற்றமில்லை. நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் போகும். வீதியில் கைமாறும் பணத்துக்குப் பெயர் இலஞ்சம். அபராதத்தை மிச்சம் பிடிக்கப் போய் அதைவிடப் பெரிய குற்றத்தில் மாட்டாதீர்கள். அந்த அபராதமே இப்போது 25 ஆயிரம் ரூபாயிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

குடித்தது இறங்க இளநீர், தயிர், குளிர்ந்த தண்ணீரில் குளிப்பு உதவுமா? (களுவாஞ்சிக்குடி)

ஒன்றும் உதவாது. நேரம் போனால்தான் இறங்கும், அதுவும் மெதுவாக. முன்னிரவில் அளவுமீறிக் குடித்தவர் காலையில் ஊதியும் மாட்டலாம்.

முச்சக்கரவண்டிதான் என் பிழைப்பு. அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்திவிட்டார்கள். ஊருக்குள் மட்டும் ஓடலாமா? (திருக்கோவில்)

கூடாது. ஊருக்குள் உள்ளதும் வீதிதான். இடைநிறுத்திய காலத்தில் ஓடினால் அது தனிக் குற்றம். பிழைப்பைப் பற்றித் தண்டனை விதிக்கும் முன்பே உங்கள் சட்டத்தரணி நீதவானிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது வாயைத் திறந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. இடைநிறுத்தம் முடியும்வரை அனுமதிப்பத்திரமுள்ள ஒருவரிடம் வண்டியை வாடகைக்கு விடுங்கள்.

வழக்கு முடியவில்லை, அடுத்த மாதம் கட்டார் போகிறேன். தவணைக்கு அண்ணனை அனுப்பலாமா? (வாழைச்சேனை)

அண்ணன் மீதா வழக்கு? நீங்கள் போகாவிட்டால் பிடியாணை வரும். பயணத் திகதியைச் சொல்லி வழக்கை முன்கூட்டியே எடுக்கும்படி விண்ணப்பியுங்கள். இந்த வாரமே.